சைக்கிளுக்கு வழிவிடுவது ஓட்டுநரின் குணமா, சாலையின் வேலையா?

1. செழியன் (வெல்டோவன், நெதர்லாந்து)

அனைவருக்கும் வணக்கம். ஐந்து ஆண்டுகளாக ஐந்தோவனை ஒட்டிய வெல்டோவனில் வசிக்கிறேன். சென்ற மாதம் நடந்த ஒன்று இன்னும் மனத்தை விட்டு அகலாததால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

மாலை ஆறு மணி இருக்கும், தூறிக்கொண்டிருந்தது. பெரிய சாலையிலிருந்து எங்கள் தெருவுக்குள் காரை வலப்பக்கம் திருப்பினேன். எதிரே வருபவர்களைப் பார்த்தேன், நடுக்கண்ணாடியையும் பார்த்தேன். வலது தோளுக்குப் பின்னால் மட்டும் பார்க்கவில்லை. சாலையை ஒட்டிச் செல்லும் சிவப்புச் சைக்கிள் பாதையில், முன்னால் மரப்பெட்டி வைத்த சைக்கிளில் இரண்டு குழந்தைகளை உட்கார வைத்துக்கொண்டு ஒரு பெண்மணி நேராக வந்துகொண்டிருந்தார். நான் பிரேக்கை மிதித்து நின்றபோது காருக்கும் அந்தப் பெட்டிக்கும் இடையே ஒரு முழம்கூட இல்லை. அவர் கத்தவில்லை. கண்ணாடியை இறக்கும்படி சைகை காட்டி, "நேராகப் போகிறவருக்குத்தான் முதலில் வழி என்பது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

உண்மையில் எனக்குத் தெரியாது. அயல்நாட்டு வல்லுநர்களுக்கான வரிச்சலுகையில் இங்கு வருபவர்கள், தேர்வு எதுவும் இல்லாமலே சொந்த நாட்டு ஓட்டுநர் உரிமத்தைக் கொடுத்து டச்சு உரிமம் பெற்றுக்கொள்ளலாம். நானும் அப்படி வாங்கியவன்தான். இங்கே பிறந்தவரோ பயிற்சியாளர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, ஒவ்வொரு திருப்பத்திலும் தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பது கழுத்துக்கே பழகும் வரை பாடம் படித்திருப்பார்.

ஐரோப்பியர்கள் பொறுமைசாலிகள், நம்மவர்கள் அவசரக்காரர்கள் என்று பேசிக்கொள்கிறோம். நான் இதை ஏற்கவில்லை. திருச்சியில் சைக்கிள்காரர் முதுகுக்குப் பின்னால் ஹாரன் அடித்தவனும் நான்தான், இங்கே அவர் பின்னால் மெதுவாக ஊர்ந்து செல்பவனும் நான்தான். இடையில் என் குணம் மாறிவிடவில்லை. மற்ற நாடுகளில் வசிப்பவர்களின் அனுபவம் என்ன?

2. சக்திவேல் (கோயம்புத்தூர்)

தம்பி செழியன், நீங்கள் பெருந்தன்மையாகப் பேசுகிறீர்கள். ஆனால் எனக்கு உடன்பாடில்லை. முப்பது ஆண்டுகளாக அவிநாசி சாலையில் வண்டி ஓட்டுபவன் என்ற முறையில் சொல்கிறேன். எதிர்த்திசையில் விளக்கில்லாமல் வரும் சைக்கிளுக்கும், நிறுத்தக் கோட்டைத் தாண்டி நிற்கும் காருக்கும் காரணம் ஒன்றுதான்: விதியை மதிக்கும் மனம் இல்லை. டச்சுக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சைக்கிளில் வளர்ந்தவர்கள். அவர்களுடைய நிலமும் மேடு பள்ளமில்லாத சமதளம். அந்தப் பண்பாட்டைச் சாலை போட்டு வாங்கிவிட முடியாது.

ஹாரன் விஷயத்தில் மட்டும் நம்மவர்களுக்காகப் பேசுகிறேன். இங்கே ஹாரன் திட்டுவதற்கானது அன்று. 'பின்னால் வருகிறேன், ஒதுங்கிக்கொள்' என்று சொல்வதற்கானது. ஹாரன் அடி என்று லாரியின் முதுகிலேயே எழுதி வைத்திருக்கும் நாடு இது. சைக்கிள்காரரும் திரும்பிப் பார்க்காமல், அந்த ஒலியைக் கேட்டே இடப்பக்கம் ஒதுங்குவார். இதை வெளிநாட்டு அளவுகோலால் அளந்து முரட்டுத்தனம் என்று சொல்வது சரியன்று.

3. செழியன்

ஹாரனைப் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி, அண்ணா. இங்கே வந்த முதல் வாரம் பழக்கதோஷத்தில் ஒரு பெரியவரின் பின்னால் மெல்ல ஒருமுறை அடித்தேன். அவர் சைக்கிளை நடுச்சாலையில் நிறுத்தி இறங்கி, என்ன அவமதிப்பு என்று கேட்பதுபோல் என்னைப் பார்த்தார்.

'தலைமுறை தலைமுறையாக' என்பதில்தான் வரலாறு வேறு விதமாக இருக்கிறது. போருக்குப் பின் இந்த நாடும் காரின் பக்கம்தான் சாய்ந்தது. நகர வாய்க்கால்களை மூடிச் சாலை போட்டார்கள். 1950களிலும் 60களிலும் சைக்கிள் ஓட்டுவது ஆண்டுக்கு ஆண்டு சரிந்தது. 1971இல் சாலை விபத்துகளில் சுமார் 3,300 பேர் இறந்தார்கள். அவர்களில் 400க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். அப்படி மகளைப் பறிகொடுத்த விக் லாங்கன்ஹோஃப் என்ற பத்திரிகையாளர் 1972இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்பதுதான். அதுவே ஓர் இயக்கத்தின் பெயரும் ஆயிற்று. பெற்றோர்கள் பிள்ளைகளுடன் தெருவை மறித்து உட்கார்ந்தார்கள். அடுத்த ஆண்டே எண்ணெய் நெருக்கடி வந்தது. 1973 நவம்பர் 4 முதல் சில வாரங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை இருந்ததால், காரில்லாத நெடுஞ்சாலை எப்படி இருக்கும் என்பதை மக்கள் கண்ணால் கண்டார்கள். சைக்கிள் ஓட்டுவோர் சங்கம் 1975இல் உருவாயிற்று. இன்று நாம் 'டச்சுப் பண்பாடு' என்று சொல்வதில் பெரும்பகுதி சண்டை போட்டு வாங்கியதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முன்னுரிமைக் குறி இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும் என்பது இங்குள்ள பொது விதி. அது சைக்கிளுக்கும் பொருந்தும் என்று ஆக்கியது 2001 மே 1ஆம் தேதியில்தான்! அதற்கு முன் அத்தகைய சந்திப்பில் சைக்கிள்காரர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் மோட்டார் வண்டிக்குக் காத்திருக்க வேண்டும்.

4. கந்தையா (லண்டன்)

தம்பி செழியன் எழுதியதை ஆர்வத்தோடு வாசித்தேன். உங்களுக்கு நேர்ந்தது லண்டன் வீதிகளில் அன்றாடம் நேர்வது. இங்கே வலமிடம் மாறும் என்பதால், இடப்பக்கம் திரும்பும் வாகனத்துக்கும் நேரே போகும் துவிச்சக்கர வண்டிக்கும் இடையில் அது நடக்கும். 2022 சனவரி 29ஆம் திகதி நடைமுறைக்கு வந்த வீதி ஒழுங்குக் கோவைத் திருத்தம் இதைத் தெளிவாகச் சொல்கிறது: திரும்பும் சாரதி நேரே செல்பவரைக் குறுக்கே வெட்டக் கூடாது, கூடுதலான தீங்கை விளைவிக்கக்கூடியவருக்கே கூடுதலான பொறுப்பு உண்டு, மணிக்கு 30 மைல் வரையான வேகத்தில் முந்தும்போது குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும். அமைதியான வீதியில் துவிச்சக்கர வண்டிக்காரர் தன் ஒழுங்கையின் நடுவிலேயே போகலாம்.

ஆனால் அந்தக் கோவையில் 'வேண்டும்' என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு எடைகள் உண்டு. ஆங்கிலத்தில் 'மஸ்ட்' என்று இருந்தால் அதன் பின்னால் சட்டம் நிற்கிறது. 'ஷுட்' என்று இருந்தால் அது அறிவுரை. அந்த 1.5 மீட்டர் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதை மீறினால் அதற்கென்று தனிக் குற்றம் இல்லை. கவனக்குறைவாக ஓட்டினார் என்று நீதிமன்றத்தில் நிறுவ அது உதவலாம், அவ்வளவுதான். வெஸ்ட் மிட்லண்ட்ஸ் பொலிசார் 2016இல் ஒரு நல்ல வழியைக் கையாண்டார்கள். சாதாரண உடையில் ஒரு பொலிஸ்காரர் துவிச்சக்கர வண்டியில் போவார். உரசிக்கொண்டு முந்திய சாரதியை அடுத்த இடத்தில் மறித்து, தரையில் விரித்த ஒரு பாயில் வரைந்திருக்கும் அளவைக் காட்டி, எவ்வளவு இடம் விட்டிருக்க வேண்டும் என்று விளக்குவார்கள். அபராதச் சீட்டை விட அந்தப் பாய் கூடுதலாக மனத்தில் பதிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நான் பெரும்பாலும் கேட்கும் வசை "நீ வீதி வரி கட்டுவதில்லை" என்பது. வீதிக்கென்று ஒதுக்கிய வரி இந்த நாட்டில் 1937இலேயே ஒழிந்துவிட்டது. இப்போது உள்ளது வாகனத்தின் மீதான வரி. வீதியைப் போடுவது பொதுப் பணம். இதைச் சிவப்பு விளக்கில் நின்றுகொண்டு ஒருவருக்கு விளக்கிப் பார்த்தேன். பச்சை விழுந்ததும் அவர் போய்விட்டார்.

சக்திவேல் அவர்கள் பண்பாட்டைப் பற்றிச் சொன்னதால் ஒன்றை நினைவுகூர்கிறேன். 1990இல் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்ட பின், ஆசிரியர், மருத்துவர், மீன் வியாபாரி என்று எல்லோரும் துவிச்சக்கர வண்டிக்கு வந்துவிட்டோம். இரவில் அதே வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். மண்ணெண்ணெயில் ஓடிய ஒன்றிரண்டு கார்களின் சாரதிகள் எங்களிடம் வழி கேட்டுத்தான் போனார்கள்; வீதி முழுவதும் நாங்களே இருந்தபோது அவர்கள் வேறென்ன செய்வார்கள்? அது யாரும் விரும்பி வளர்த்த பண்பாடு அன்று. ஆனாலும் சில மாதங்களில் வந்துவிட்டது.

5. சக்திவேல்

ஐயா சொன்ன யாழ்ப்பாணச் செய்தி என்னைச் சற்று யோசிக்க வைத்தது, மறுக்கவில்லை.

ஆனால் நெதர்லாந்தைப் பற்றி வேறொன்றையும் கேள்விப்பட்டிருக்கிறேன். அங்கே சைக்கிளும் காரும் மோதினால் தவறு யாருடையதாக இருந்தாலும் கார்க்காரரே குற்றவாளி என்று சட்டம் இருக்கிறதாம். அப்படியானால் அங்குள்ள ஓட்டுநர் வழிவிடுவது பண்பாலும் அன்று, சாலையாலும் அன்று, பயத்தால். இது நியாயமா என்பது வேறு கேள்வி.

6. செழியன்

இதைப் பலரும் இப்படித்தான் சொல்கிறார்கள், அண்ணா. நானும் வந்த புதிதில் அப்படித்தான் நம்பினேன். 1994ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 185ஆம் பிரிவு குற்றத்தைப் பற்றியது அன்று, இழப்பீட்டைப் பற்றியது. மோட்டார் வண்டி, சைக்கிளிலோ நடந்தோ செல்பவருக்கு ஊறு விளைவித்தால், தன் ஆற்றலுக்கு முற்றிலும் அப்பாற்பட்ட நிலையில் அது நேர்ந்தது என்று வண்டிக்காரர் நிறுவாத வரை இழப்பீடு அவருடைய பொறுப்பு. அடிபட்டவர் 14 வயதுக்குக் குறைந்த குழந்தையானால், வேண்டுமென்றே செய்ததற்கு ஒப்பான நடத்தை இருந்தாலொழிய முழுத் தொகையும் கிடைக்கும். பெரியவர் என்றால், அவர் பக்கம் தவறு இருந்தாலும் குறைந்தது பாதி கிடைக்கும். இந்தப் பணத்தைக் கொடுப்பது பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனம். தண்டனை என்பது தனி விசாரணை. அங்கே தவறு யாருடையது என்பதுதான் கேள்வி. அதாவது, ஒரு டன் இரும்பைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர் அதனால் வரும் இடரின் செலவையும் ஏற்கட்டும் என்பதே இதன் கருத்து. எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

அதே நேரத்தில், வழிவிடும் பழக்கம் இந்தச் சட்டத்தால் வந்தது என்றும் சொல்ல முடியாது. குழந்தைக்கு முழுமை, பெரியவருக்குப் பாதி என்ற கணக்கு, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் வழியாக 1990களின் தொடக்கத்தில்தான் உறுதிப்பட்டது. சாலை மரணங்கள் அதற்கு முன்பே 1971இல் இருந்ததில் பாதிக்கும் கீழாக இறங்கிவிட்டன. அதற்குச் சைக்கிள் பாதையோடு இருக்கைப்பட்டை, குடித்துவிட்டு ஓட்டுவதற்கான வரம்பு என்று வேறு காரணங்களும் உண்டு.

என் அனுபவத்தில், காரிலிருக்கும்போது 185ஆம் பிரிவு ஒருநாளும் நினைவுக்கு வந்ததில்லை. நினைவில் நிற்பது சாலைதான். எங்கள் தெருமுனையில் சைக்கிள் பாதை நடைபாதையின் உயரத்திலேயே தொடர்ந்து போகிறது. கார்தான் மேடேறி அதைக் கடந்து இறங்க வேண்டும். வெள்ளை முக்கோணங்களை வரிசையாகத் தரையில் வரைந்திருப்பார்கள். சுறாவின் பற்கள் என்று பெயர். பற்கள் யாரை நோக்கி இருக்கின்றனவோ அவர் நின்று வழிவிட வேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டரில் அந்த மேட்டில் ஏறினால் கையிலிருக்கும் காபி மடியில் கொட்டும். வெல்டோவனுக்கும் ஐந்தோவனுக்கும் இடையே உள்ள பெரிய சந்திப்பில், காரும் சைக்கிளும் சந்திக்கவே தேவையில்லை. அங்கே 70 மீட்டர் உயரத் தூண் ஒன்றிலிருந்து கம்பிகளில் தொங்கும் வட்டப் பாலத்தை 2012இல் திறந்தார்கள். சைக்கிள்கள் மேலே ரவுண்டானாவாகச் சுற்றிப் போகின்றன, கார்கள் கீழே. அங்கே பொறுமைக்கு வேலையே இல்லை.

7. யாழினி (மெல்பர்ன்)

இந்த இழையில் ஆஸ்திரேலியா வராமல் போகக் கூடாது என்பதால் எழுதுகிறேன். சாலையில் செய்ததைப் பற்றியே பேசுகிறோம். இங்கே சைக்கிள்காரரின் தலையில் செய்தார்கள்.

விக்டோரியா மாநிலம் 1990 ஜூலை 1 முதல் சைக்கிள் ஓட்டும் எல்லோருக்கும் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. உலகிலேயே இதுதான் முதல் சட்டம். ஹெல்மெட் தலையைக் காக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. என் மகனுக்குப் போடாமல் அனுப்பமாட்டேன். ஆனால் சட்டம் வந்த பின் பதின்வயதினர் சைக்கிள் ஓட்டுவது பெரிதும் குறைந்ததை அக்காலக் கணக்கெடுப்புகள் காட்டின. 2010இல் தொடங்கிய நகர வாடகைச் சைக்கிள் திட்டத்துக்காக, ஹெல்மெட்டை ஐந்து டாலருக்குக் கடைகளில் விற்றுக்கூடப் பார்த்தார்கள். 2019இல் அதையும் மூடிவிட்டார்கள். ஹெல்மெட், மினுங்கும் மேல்சட்டை, இறுக்கமான உடை என்று சைக்கிள் ஓட்டுவது ஒரு விளையாட்டு வீரரின் வேடமாகிவிட்டது. அந்த வேடத்தில் போகும் மனிதரைக் கார்க்காரர் தன் அம்மாவாகவோ அண்டை வீட்டுக்காரராகவோ பார்ப்பதில்லை.

இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. மோனாஷ் பல்கலைக்கழகத்தின் அலெக்ஸா டெல்போஸ்க் தலைமையிலான ஆய்வு 2019இல் வெளிவந்தது. குரங்கிலிருந்து மனிதன் வரையிலான படவரிசையையும், பூச்சியிலிருந்து மனிதன் வரையிலான படவரிசையையும் காட்டி, சைக்கிள் ஓட்டுபவரை எந்த இடத்தில் வைப்பீர்கள் என்று 442 பேரிடம் கேட்டார்கள். சைக்கிள் ஓட்டாதவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் முழு மனிதன் என்ற இடத்தில் வைக்கவில்லை. அப்படிக் கீழே வைத்தவர்களே, சைக்கிள்காரர்களிடம் வேண்டுமென்றே முரட்டுத்தனமாக நடந்துகொண்டதாகவும் கூடுதலாக ஒப்புக்கொண்டார்கள். ஆகவே சக்திவேல் அண்ணா சொல்லும் 'மனம்' என்ற ஒன்று இருக்கத்தான் செய்கிறது. செழியன் அண்ணா அதை முழுவதும் தள்ளிவிடக் கூடாது. அந்த மனம் எங்கிருந்து வந்தது என்றுதான் கேட்கிறேன். சைக்கிளில் போவது நூற்றில் ஓரிருவர் மட்டுமே என்னும் ஊரில், அவர்கள் வேற்று ஆட்களாகத்தானே தெரிவார்கள்?

2021 ஏப்ரலிலிருந்து இங்கே 60 கிலோமீட்டர் வரையான வேகச் சாலையில் 1 மீட்டர், அதற்கு மேல் 1.5 மீட்டர் இடைவெளி சட்டப்படி கட்டாயம். சட்டம் வந்த பிறகும் என் இடது கைப்பிடிக்கு ஒரு சாண் தூரத்தில் நிறுத்திய கார்களின் கதவுகளும், வலது கைப்பிடிக்கு ஒரு சாண் தூரத்தில் ஓடும் கார்களின் கண்ணாடிகளும் இருக்கின்றன. நடுவில் வெள்ளைப் பெயிண்ட்டால் சைக்கிள் படம்.

8. அருள் (டோக்கியோ)

ஜப்பானைப் பற்றிச் சொன்னால் மேலே உள்ள இரண்டு கட்சிகளும் சிக்கலுக்கு உள்ளாகும். இங்கே டச்சுக்காரர்களைப் போன்ற பாதைகள் மிகக் குறைவு. ஆனால் முன்னும் பின்னும் குழந்தை இருக்கை பொருத்திய 'மாமாச்சாரி' சைக்கிளில் தாய்மார்கள் மழையிலும் போகிறார்கள். இதற்கு நான் காணும் காரணம் ஒன்று இருக்கிறது: கார் வாங்குவதற்கு முன், அதை நிறுத்த வீட்டருகே சொந்த இடமோ வாடகை இடமோ இருக்கிறது என்று காவல் நிலையத்தில் சான்று பெற வேண்டும். 1962இல் வந்த சட்டம் இது. அதனால் குறுகிய தெருக்களின் ஓரம் காலியாக இருக்கிறது. யாழினி சொன்ன கதவு இங்கே இல்லை.

ஆனால் இன்னொன்றும் நடந்தது. கார்கள் பெருகிய 1970களில் சைக்கிளை நடைபாதையில் ஓட்ட அனுமதித்தார்கள். அத்தோடு ஓட்டுநருக்கும் சைக்கிளுக்கும் இருந்த பூசல், சைக்கிளுக்கும் நடப்பவருக்கும் இடையே மாறிவிட்டது. பள்ளிச் சிறுவன் ஒருவன் சைக்கிளில் வந்து நடந்து சென்ற பெண்ணின் மீது மோதியதில் அவர் நினைவிழந்து படுக்கையில் கிடந்தார். அவ்வழக்கில் சிறுவனின் தாய் சுமார் 9.5 கோடி யென் கொடுக்க வேண்டும் என்று கோபே மாவட்ட நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. 2020 ஏப்ரலிலிருந்து டோக்கியோவில் சைக்கிளுக்கும் காப்பீடு கட்டாயம். 2024இல் திருத்திய சட்டத்தில், சைக்கிளை முந்தும் கார் போதிய இடைவெளி விட வேண்டும் என்ற விதியையும், சைக்கிள்காரரின் மீறலுக்கு அந்த இடத்திலேயே அபராதச் சீட்டு கொடுக்கும் முறையையும் ஒன்றாகச் சேர்த்து, இரண்டும் 2026 ஏப்ரலில் நடைமுறைக்கு வருமாறு செய்தார்கள். சைக்கிளை மீண்டும் சாலைக்கே அனுப்புகிறார்கள் என்று பொருள். அங்கே இடம் இருக்கிறதா என்பதுதான் எங்கள் வீட்டில் ஓடும் வாதம்.

9. சக்திவேல்

எல்லோரும் சேர்ந்து என்னை ஓர் ஓரத்துக்குத் தள்ளிவிட்டீர்கள். பாதி தூரம் வருகிறேன். மனம் முதலில் வருகிறதா, சாலை முதலில் வருகிறதா என்பதில் என் கருத்து ஆட்டம் கண்டிருக்கிறது. ஆனால் செழியன் வரைந்த படம் சற்று அழகாகவே இருக்கிறது. நெதர்லாந்தில் 2023இல் சாலையில் இறந்த 684 பேரில் 270 பேர் சைக்கிளில் போனவர்கள் என்று படித்தேன். இவ்வளவு பாதை போட்டும் இப்படியா?

வரும் மே மாதம் மகனைப் பார்க்க ஐந்தோவனுக்கு வருகிறேன். என் உரிமத்தை வைத்துக்கொண்டு அங்கே ஓட்டலாமா என்பதையும் சொல்லுங்கள்.

10. செழியன்

எண்கள் சரி, அண்ணா. காரில் இறந்தவர்களை விடச் சைக்கிளில் இறந்தவர்கள் கூடுதல் என்பது இங்கேயும் பெரிய விவாதம். அவர்களில் பெரும்பகுதி முதியவர்கள். மின்சாரச் சைக்கிளில் முன்பை விட வேகமாகவும் நெடுந்தூரமும் போகிறவர்கள். காரே இல்லாமல், பாதையின் விளிம்பில் சக்கரம் தட்டி விழுவதும் இவற்றில் உண்டு. தடித்த சக்கர மின்சாரச் சைக்கிள்களில் பறக்கும் சிறுவர்களைப் பற்றி இங்குள்ள பாட்டிமார் சொல்வதைக் கேட்டால், யாழினி காட்டிய படவரிசையில் அவர்களை எங்கே வைப்பார்களோ என்று தோன்றும்.

உரிமத்தைப் பொறுத்தவரை, சுற்றுலாவாக வருபவர் இந்திய உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் எடுத்து வந்து ஓட்டலாம். ஆனால் முதல் வாரம் வேண்டாம் என்பது என் வேண்டுகோள். அந்த மாலைக்குப் பிறகு நான் காசு கொடுத்து ஒரு பயிற்சியாளரிடம் மூன்று வகுப்புகள் போனேன். ஊருக்குள் உள்ள ரவுண்டானாக்களில் பெரும்பாலும் சைக்கிளுக்கு முன்னுரிமை, ஊர் எல்லைப் பலகையைத் தாண்டினால் பெரும்பாலும் காருக்கு என்பதே எனக்கு அங்கேதான் தெரிந்தது. பலகையைப் பார்க்காதீர்கள், தரையிலுள்ள பற்களைப் பாருங்கள் என்றார் அவர்.

மகன் ஓட்ட, நீங்கள் வலப்பக்க இருக்கையில் உட்காருங்கள். இறங்கும்போது கதவை வலக்கையால் திறக்காமல் இடக்கையை நீட்டித் திறங்கள். உடம்பு தானாகத் திரும்பும். பின்னால் சைக்கிள் வருவது கண்ணில் படும்.

11. கந்தையா (லண்டன்)

அந்தக் கதவு அறிவுரை எங்கள் 2022 கோவையிலும் இருக்கிறது. சக்திவேல் அவர்கள் அப்படியே லண்டனுக்கும் வருவதானால், இங்கே பயணி உட்காருவது இடப்பக்கம் என்பதால் வலக்கையால் திறக்க வேண்டும். என் மனைவிக்கு இதைப் பழக்க இரண்டு கிழமை எடுத்தது, எனக்கு நான்கு.